செக்ரோலில் இல்லாத பெயர்கள்: சப்ரகமுவத் தோட்ட உடைமையாளர்க்கு ஒரு திறந்த மடல்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலே தேயிலையும் ரப்பரும் செய்கைபண்ணும் தனியார் தோட்ட உடைமையாளர்களுக்கும், அவர்கள் சார்பில் நிர்வாகம் நடத்தும் துரைமார்களுக்கும் எழுதிக்கொள்வது.

ஆண்டுக்கொருமுறை காப்புறுதி முகவர் வந்து, வேலையாள் நட்டஈட்டுக் காப்புறுதியைப் புதுப்பிக்கும் படிவத்தை உங்கள் மேசைமீது வைக்கிறார். இனி வரும் பன்னிரண்டு மாதங்களில் எந்தெந்த வகை வேலையாட்களுக்கு எவ்வளவு சம்பளம் கொடுக்க உத்தேசித்திருக்கிறீர்கள் என்று கேட்டு, அதிலே ஒரு சிறு கட்டம் விடப்பட்டிருக்கிறது. பங்களாவுக்கு ஓடு மாற்றுவதற்கும் லொறிக்கு டயர் வாங்குவதற்கும் மூன்று இடங்களில் விலை விசாரிக்கின்ற நீங்கள், தோட்டத்தின் பொறுப்பையெல்லாம் தாங்கி நிற்கின்ற அந்தக் கட்டத்தை மாத்திரம், சென்ற ஆண்டு எழுதிய தொகையையே மறுபடியும் எழுதும்படி கிளாக்கரிடம் சொல்லிக் கையொப்பமிட்டு அனுப்பிவிடுகிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் தோட்ட அலுவலகங்களில் நெடுங்காலம் பேரேடு எழுதியவன் என்ற முறையில், அப்படிச் செய்கிறவர்களே அதிகம் என்பது என் அபிப்பிராயம். அந்த வழக்கம் உங்களுக்கே நஷ்டம் விளைப்பது என்பதையும், காப்புறுதிக் கட்டுப்பணத்தைக் குறைப்பதற்கு நியாயமான வேறு மார்க்கங்கள் உண்டு என்பதையும் எடுத்துரைக்கவே இம்மடலை வரைகிறேன்.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், மலையகத் தமிழரான பெரி. சுந்தரம் அவர்கள் அரசாங்க சபையிலே தொழில் அமைச்சராய் வீற்றிருந்த காலத்தில் நிறைவேறியது. ஜெர்மனி 1884இலும், பிரித்தானியா 1897இலும், இந்தியா 1923இலும் ஏற்றுக்கொண்ட ஒரு கோட்பாட்டை அது இந்நாட்டுக்குக் கொண்டுவந்தது. வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேர்ந்த விபத்தினால் ஒருவர் அங்கவீனமுற்றாலோ உயிரிழந்தாலோ, தவறு யார்மீது என்று வழக்காடிக்கொண்டிராமல், தொழில்தருநரே நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதே அது. ஆனால் ஜெர்மனியர் அந்தப் பாரத்தைத் தொழிலதிபர் அனைவரும் பங்களித்த பொதுநிதி ஒன்றின்மீது ஏற்றினார்கள்; நம்முடைய சட்டமோ அதனைத் தனித்தனித் தொழில்தருநரின் தலைமீதே வைத்தது. ஆகையால் காப்புறுதி என்பது இங்கே நீங்கள் உங்கள் பாரத்தைத் தாங்கத் தேடிக்கொள்கின்ற துணையேயன்றி, அப்பாரத்தினின்று விடுதலை அன்று. காப்புறுதி நிறுவனம் பணம் கொடுத்தாலும், ஏதோ நிபந்தனையைக் காட்டி மறுத்தாலும், நட்டஈட்டு ஆணையாளர் கேள்வி கேட்பது உங்களைத்தான்.

அந்தப் பாரம் அண்மையில் எவ்வளவு கனத்திருக்கிறது என்பதைப் பலர் கவனித்ததாகத் தெரியவில்லை. 2005ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் ஐந்தரை இலட்சம் ரூபாவாக இருந்த நட்டஈட்டின் உச்ச எல்லையை 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 20 இலட்சமாக உயர்த்தியது. அத்துடன், வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் சட்டத்தின் நிழலுக்குள் கொண்டுவந்தது. லயத்தில் குடியிருந்தவர்களை மாத்திரம் வைத்துத் தோட்டம் நடத்திய காலம் போய், பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பிப் போகிறவர்களைக் கொண்டே பாதி மலையைப் பறிப்பிக்கிற எட்டியாந்தோட்டைப் பக்கத்துக்கும் பலாங்கொடைப் பக்கத்துக்கும் இந்த இரண்டாவது மாற்றம் எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்கவேண்டியதில்லை. இவற்றோடு நாட்சம்பளமும் 2021 மார்ச்சில் 1000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. சென்ற ஆண்டின் தொகையையே திரும்பத் திரும்ப எழுதிவந்த ஒரு தோட்டத்தின் படிவம் இன்றும் அநேகமாக ஆயிரம் ரூபாக் காலத்திலேயே நின்றுகொண்டிருக்கும்.

இந்தக் கட்டுப்பணம் எவ்வாறு கணிக்கப்படுகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். அமெரிக்காவிலே நூறு டொலர் சம்பளத்துக்கு இவ்வளவு என்று வேலையின் வகைக்கேற்ற வீதமொன்றை வைத்து, அந்த நிறுவனத்தின் பழைய விபத்துக் கணக்கைக் கொண்டு அதனைக் கூட்டியோ குறைத்தோ கணிக்கிறார்கள். நமது நாட்டிலும் அடிப்படை அதுவே: வருடச் சம்பள உத்தேசம் ஒருபுறம், வேலையின் ஆபத்துக்கேற்ற வீதம் மறுபுறம், இரண்டையும் பெருக்கிவரும் தொகையை ஆண்டின் தொடக்கத்தில் முற்பணமாகக் கட்டுகிறோம், ஆண்டு முடிந்தபின் உண்மையிற் கொடுத்த சம்பளத்தை அறிவித்து, கட்டிய முற்பணம் குறைந்திருந்தால் மிச்சத்தைக் கட்டுகிறோம், கூடியிருந்தால் திரும்பப் பெறுகிறோம். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கூட்டிச் சொன்ன உத்தேசத்தினால் உங்களுக்கு நேரக்கூடியது சில மாதம் பணம் முடங்கிக் கிடப்பது மாத்திரமே. குறைத்துச் சொன்ன உத்தேசத்தினாலோ, ஒரு விபத்து நேர்ந்து நிறுவனத்தின் விசாரணையாளர் சம்பளப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டும்போது, அவர் கையிலே ஓர் ஆட்சேபத்தை நீங்களே எழுதிக் கொடுத்தவர்களாகிறீர்கள்.

கணக்கொன்று போட்டுக் காட்டுகிறேன். 120 பேர் மாதத்துக்குச் சராசரி 20 நாள் வேலை செய்யும் ஒரு தோட்டத்தில் ஆண்டுக்கு 28,800 நாட்பேர், அதாவது ஆள்நாட்கள். நாளுக்கு 1000 ரூபா வீதம் அது 2 கோடியே 88 இலட்சம். 1350 வீதம் 3 கோடியே 88 இலட்சத்து 80 ஆயிரம். வீதம் நூற்றுக்கு ஒரு ரூபா என்று, கணக்கின் சௌகரியத்துக்காக மாத்திரம், வைத்துக்கொள்ளுங்கள். உண்மை வீதத்தை உங்கள் முகவரே சொல்வார். கட்டுப்பணத்தின் வித்தியாசம் ஒரு இலட்சத்து எண்ணூறு ரூபா. அதனை 120 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஆண்டொன்றுக்கு 840 ரூபா. ஓர் ஆளின் ஒரு நாட்சம்பளத்துக்கும் குறைவு. இந்த மிச்சத்துக்காகத்தான் 20 இலட்சம் ரூபாப் பொறுப்பின் ஒரு பகுதியை நீங்கள் திறந்த வெளியிலே விட்டுவைக்கிறீர்கள்.

உத்தேசத்தை எவ்விதம் செய்வது என்பது நம் மாகாணத்தில் ஒரே சூத்திரத்தில் அடங்கும் காரியம் அன்று. ரப்பர் மரம் இலையுதிர்த்து நிற்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்வெட்டு நாட்கள் குறையும். இரத்தினபுரியில் மழை கொட்டத் தொடங்கினால் வெட்டு நின்றுபோகும், வெட்டாத நாளுக்கு வேறு வேலை கொடுப்பீர்களா இல்லையா என்பதைப் பொறுத்துச் சம்பளமும் மாறும். கொழுந்து பெருகும் மாதங்களில் மேலதிக கிலோவுக்குக் கொடுக்கும் பணம் ஏறும். ஒரு மலையிலே பழைய ரப்பரைப் பிடுங்கி மறுநடுகை செய்யத் தீர்மானித்த வருடத்தில் வெட்டுக்காரர், குழிவெட்டுவோர், தவறணை (நாற்றுமேடை) ஆட்கள் என்று புதிய செலவுகள் வரும். ஆகையால் மாதவாரியாக, வேலைவாரியாக, கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் செக்ரோலை (வேலையாட்களின் பெயரும் வேலைநாளும் பதியும் இடாப்பை) முன்னே வைத்துக்கொண்டு எழுதுவதே பிரயோசனமானது. கவ்வாத்துக்காரனும் ஸ்டோர் என்னும் ஆலையிலே ரோதைக்கு இலை போடுகிறவனும் கிளாக்கரும் ஒரே வீதத்துக்கு உரியவர்கள் அல்லர். எல்லோரையும் 'தோட்டத் தொழிலாளர்' என்ற ஒரே வரியில் போட்டுவிட்டால், அலுவலகத்தில் நாற்காலியிலிருப்பவருக்கும் ரப்பர் ரோலருக்குரிய வீதத்தைக் கட்டுகிறீர்கள். அல்லது ரோலரிலே கை கொடுப்பவருக்கு நாற்காலியின் வீதத்தைக் கட்டி, விபத்து நேரும்போது அகப்பட்டுக்கொள்கிறீர்கள். வகைப்படுத்திக் காட்டுவது கட்டுப்பணத்தை யோக்கியமாகக் குறைப்பதற்கு முதல் வழி.

சம்பளம் என்பது சட்டத்தின்படி கையில் எண்ணிக் கொடுப்பது மாத்திரம் அன்று. பணமாக மதிப்பிடக்கூடிய சலுகைகளும் அதனுட் சேரும். சேமலாப நிதிக்கு நீங்கள் செலுத்தும் பங்கும் பிரயாணப் படியும் சேரா. இதனைக் குழப்பிக்கொண்டு, சேராததைச் சேர்த்தும் சேரவேண்டியதை விட்டும் படிவம் நிரப்பிய தோட்டங்களை நான் கண்டிருக்கிறேன். நட்டஈடும் மாதச் சம்பளத்தின் படித்தரத்தைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது என்பதை நினைவில் வையுங்கள். நிர்ணயித்த கிலோவுக்குச் சற்றுக் குறைந்ததென்று மாதம் முழுவதும் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம், போடப்பட்ட ஒரு பெண், கைகால் இழந்து நிற்கும் நாளிலும் அந்த அரைப்பேரையே தன் வாழ்க்கையின் மதிப்பாகக் கண்டுகொள்ளும்படி நேர்கிறது. அது காப்புறுதிக் கணக்குக்குப் புறம்பான விஷயம் என்று சிலர் சொல்லக்கூடும்; சொல்லிவிட்டுப் போகட்டும்.

இனி, இம்மடலை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். அது கைகாசு, அதாவது செக்ரோலில் பதியாமல் அன்றன்றே கையில் கொடுக்கும் கூலி.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை எண்ணிப் பாருங்கள். காலையில் ஆள்சேர்க்கும் பெரட்டு இல்லை, சங்கு ஊதவில்லை. ஆனாலும் கொழுந்து முற்றிக்கொண்டிருக்கிறது. கணக்கப்பிள்ளை லயத்துக்கு ஆளனுப்பி, கிலோவுக்கு இவ்வளவு என்று சொல்லி, வந்தவர்களையெல்லாம் மலைக்கு ஏற்றுகிறார். வந்தவர்களில் பேர்பதிந்தவரும் உண்டு; ஓய்வுபெற்ற கிழவியும் உண்டு; கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்து விடுமுறைக்கு வந்த இளம்பெண்ணும் உண்டு; கிராமத்திலிருந்து வந்த சிங்களச் சகோதரியும் உண்டு. நிறுத்த கொழுந்தின் கணக்கு ஒரு சிறிய கொப்பியில், பெரும்பாலும் பெயரின் பாதியுடன், பென்சிலால் எழுதப்படுகிறது. மாலையில் பணம் கையிலே கொடுக்கப்படுகிறது. அந்தக் கொப்பி மாதக் கடைசியில் எங்கோ போய்விடுகிறது. அந்தப் பணம் பேரேட்டிலே 'கொழுந்துச் செலவு' என்று ஒரே தொகையாக ஏறுகிறதேயன்றி, சம்பளமாகக் காப்புறுதிப் படிவத்திலே ஏறுவதில்லை. இப்போது அந்தக் கிழவி ஈரத்திலே கல்லுக்கானில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்கிறாள். அவள் உங்கள் வேலையாள் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அவள் பறித்தது உங்கள் தேயிலை, பறிக்கச் சொன்னவர் உங்கள் கணக்கப்பிள்ளை, நிறுத்தது உங்கள் தராசு. உங்கள் தொழிலுக்காகவே செய்யப்பட்ட வேலை அது என்று ஆணையாளர் முன்னிலையில் நிறுவுவதற்கு ஒரு சட்டத்தரணிக்கு அதிக சிரமம் இராது. அப்பொழுது காப்புறுதி நிறுவனம், "இந்தப் பெயர் அறிவித்த சம்பளத்துக்குள் இல்லையே" என்று பணிவாகக் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் உங்கள் சட்டைப்பையிலிருந்துதான் வரவேண்டும்.

பதிவுத் தொழிலாளரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து, கைகாசுக்காரரின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே வருகிற இக்காலத்தில், படிவத்தில் வரும் சம்பளத் தொகை மெல்ல மெல்லச் சுருங்குவதைக் கண்டு சில உரிமையாளர்கள் செலவு குறைந்ததென்று மகிழ்கிறார்கள். செலவு குறையவில்லை, பாதுகாப்புத்தான் குறைந்தது. கைகாசுக்கென்று ஒரு தனி வரியைப் படிவத்தில் கேட்டு வாங்குங்கள். சென்ற ஆண்டு கொப்பிகளில் எழுதிய கிலோவையும் கிலோ விலையையும் பெருக்கினால் உத்தேசம் வந்துவிடும். இதற்காகக் கூடுதலாகக் கட்டவேண்டிய தொகையைக் கேட்டால் நீங்களே வியப்படைவீர்கள்.

கைகாசுக்கு அடுத்தது கொந்தராத்து. முற்றிய ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்ப்பதற்கும், கான் வெட்டுவதற்கும், ஸ்டோருக்குக் கூரை மாற்றுவதற்கும் கொந்தராத்துக்காரர் ஒருவரை அமர்த்தி, "ஆட்கள் அவருடையவர்கள், எனக்குச் சம்பந்தமில்லை" என்று எழுதி வாங்கிக்கொண்டு நிம்மதியாய் உறங்குகிறவர்கள் பலர். உங்கள் தொழிலின் அங்கமான வேலையைக் கொந்தராத்துக்கு விட்டால், அந்த ஆட்களின் நட்டஈட்டுக்குச் சட்டம் உங்களையே முதலில் பிடிக்கும். பிறகு கொந்தராத்துக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டென்பது உண்மைதான், ஆனால் ஒரு சங்கிலி வாளையும் இரண்டு கயிற்றையும் தவிர வேறொன்றும் இல்லாத மனிதரிடம் எதை வசூலிப்பீர்கள்? ஆகையால் அவருடைய காப்புறுதிப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இல்லையென்றால் கொந்தராத்துத் தொகையில் கூலிப் பங்கை மதிப்பிட்டு உங்கள் படிவத்திலேயே சேர்த்துவிடுங்கள். மரம் வெட்டுவதற்குரிய வீதம் கொழுந்துக்குரிய வீதத்தைவிட உயர்வு. அதற்குக் காரணம் உண்டு.

நம் மாகாணத்துக்கே உரிய ஒரு சங்கடத்தையும் இங்கே சொல்லிவைக்கிறேன். பெல்மதுளைப் பக்கத்திலும் நிவித்திகலைப் பக்கத்திலும் தேயிலைக்குக் கீழே மாணிக்கக் குழி இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். குழியில் இறங்குகிறவருக்கு நாட்கூலி கிடையாது. கல் அகப்பட்டால் பங்கு. சம்பளமே இல்லாத இடத்தில் சம்பளத்தைக்கொண்டு கட்டுப்பணத்தை எப்படிக் கணிப்பது? கேகாலைப் பக்கத்துச் சிறுதோட்டங்களில் பாதிப்பங்குக்குப் பால்வெட்டுகிறவர்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. தோட்டக் காப்புறுதியின் ஓர் ஓரத்தில் இவர்களையும் செருகிவிட்டதாக எண்ணி ஏமாறாமல், தனியாகப் பேசி, தனியாக எழுதி வாங்குவதைத் தவிர இதற்கு வேறு உபாயம் எனக்குத் தெரியவில்லை.

இதுவரை உத்தேசத்தைப் பற்றிச் சொன்னேன். கட்டுப்பணத்தை உண்மையிலேயே குறைக்கும் மார்க்கம் மலையிலும் ஸ்டோரிலும் இருக்கிறது. நிறுவனங்கள் வீதம் சொல்லும்போது கடந்த சில ஆண்டுகளில் உங்கள் தோட்டம் எத்தனை கோரிக்கைகள் கொண்டுவந்தது, எவ்வளவு பணம் போயிற்று என்பதைப் பார்க்கும். கட்டிய பணத்துக்கும் வாங்கிய பணத்துக்கும் உள்ள விகிதம் கெட்டுப்போன தோட்டத்துக்கு வீதம் ஏறும். குளவிக் கூடு இருக்கிறதென்று பறிக்கிறவர்கள் மூன்று நாளாகச் சொல்லியும் அந்த வரிசையிலே ஆளிறக்குகிற தோட்டம், கொட்டுண்டு வைத்தியசாலைக்குப் போனவர்களின் நாட்சம்பளத்தோடு அடுத்த வருட வீதத்தையும் சேர்த்துக் கட்டுகிறது. விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போகும் பெண்ணின் காலுக்கு, சருகுக்குள் சுருண்டு கிடக்கும் குணகட்டுவாப் பாம்பின் வாய் எட்டாத உயரத்துக்கு ஒரு பூட்ஸ் வாங்கிக் கொடுப்பது தர்மமும் ஆகும், வரவும் ஆகும். ரப்பர் ரோலரின் முன்னால் அடிப்பதற்கு எட்டும் தூரத்திலே நிறுத்துப் பொத்தான் இருக்கிறதா, ரோலரின் மூடி சுத்தம் செய்யக் கழற்றியபின் திரும்பப் பூட்டப்பட்டதா என்று தினமும் ஒருவர் பார்த்துக் கையொப்பமிட ஒரு புத்தகம் வைத்தால் போதும். பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றிய வேலையாளின் கோரிக்கையைச் சில சந்தர்ப்பங்களில் சட்டம் மறுக்கிறது என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். கழற்றச் சொன்னவர் கங்காணி என்று தெரியவரும்போது அந்தச் சமாதானம் ஓடிவிடும்.

விபத்து நேர்ந்த பின்பும் செய்யக்கூடியது உண்டு. அன்றே நிறுவனத்துக்கு எழுதுங்கள். பார்த்தவர்களின் வாக்குமூலத்தை அன்றே எழுதுங்கள். காயமுற்றவர் குணமாகிவரும்போது தவறணையிலோ தராசடியிலோ இலகுவான வேலை கொடுத்து மெல்ல மெல்ல மலைக்குத் திருப்புங்கள். மாதக்கணக்கில் லயத்துத் திண்ணையிலே உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுக்கும் தவணை நட்டஈடு, உங்கள் விபத்துக் கணக்கில்தான் ஏறிக்கொண்டே போகிறது. மரணம் நேர்ந்தால் இன்னுமொன்று: குடும்பத்தின் துயரத்தைக் கண்டு மனமிரங்கி நீங்கள் கையிலே கொடுத்த பணம் சட்டப்படி நட்டஈடாகக் கணிக்கப்படாது. அது ஆணையாளரிடத்திலே வைப்பிடப்பட்டு, அவர் மூலமாகவே தங்கியிருப்போருக்குப் பங்கிடப்படவேண்டும். மரணச் சடங்குக்கு உதவுங்கள், அது வேறு. ஆனால் "எல்லாம் பேசி முடித்தாயிற்று" என்று வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கி வைத்திருக்கும் காகிதம் உங்களை ஒருநாளும் காப்பாற்றாது.

உங்களுடைய கஷ்டத்தை நான் அறியாதவன் அல்லன். உரத்தின் விலை, மின்சாரக் கட்டணம், ஏலத்திலே கிடைக்கும் விலை, ஆளில்லாத மலைகள், இவையெல்லாம் இரவிலே உறக்கம் கெடுப்பவை. சம்பள உயர்வைப் பற்றிய பேச்சும் ஓய்ந்தபாடில்லை. குறைக்கக்கூடிய ஒவ்வொரு செலவையும் தேடிப் பார்க்கிறீர்கள் என்பதும் நியாயமே. அப்படித் தேடுகிறபோது, காப்புறுதியின் கட்டத்திலே ஒரு தொகையைக் கீழே இறக்குவது மிகச் சுலபமாய்த் தோன்றுகிறது. அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, எவரும் எதிர்ப்பதில்லை, விபத்து நேரும்வரை எதுவும் புலப்படுவதுமில்லை. அது சிக்கனமன்று. தன்னால் தாங்க முடியாத ஒரு கடனைத் தேதி குறிக்காமல் எழுதிக் கொடுப்பது.

ஆகையால் உங்களிடத்தில் என் வேண்டுகோள் இதுவே. அடுத்த புதுப்பிப்புப் படிவம் வரும்போது, கையொப்பமிடுவதற்கு முன், கிளாக்கரிடம் சென்ற ஆண்டின் பிரதியைக் கேட்காதீர்கள். செக்ரோலையும், கைகாசுக் கொப்பிகளையும், கொந்தராத்துப் பத்திரங்களையும் மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கொப்பிகள் காணாமற் போயிருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஒவ்வொருவரின் முழுப்பெயரையும் மையினால் எழுதும்படி கணக்கப்பிள்ளையிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர் ஒருவர்